பதினோரு நாள் சத்தியம்

மலாயாவில், ரெம்பாவ் பக்கத்து ரப்பர்த் தோட்டம் ஒன்றில் வீரமுத்து பால்மரம் வெட்டிக்கொண்டிருந்தான். நல்ல வேலைக்காரன். மரத்தில் காயம் படாமல் சீவுவான். கள்ளுக்கடைப் பக்கம் தலைவைத்துப் படுக்கமாட்டான். பெண்டாட்டியைக் கை நீட்டி அடித்ததில்லை. இப்படிப்பட்டவனுக்குச் சுருட்டு ஒன்றுதான் கேடு என்றால், குடித்துத் தொலைக்கட்டும் என்று விட்டுவிடத்தான் யாருக்கும் தோன்றும். விட முடியாதபடி வீட்டில் ஒரு பிள்ளை இருந்தது.

கூலிகளின் வரிசை வீடான லயத்தில் அவர்களுக்கு ஒரே அறை. அடுப்பும் அங்கேதான், படுக்கையும் அங்கேதான். நாலு வயது ராக்கம்மாவுக்கு இழுப்பு. மழை பிடித்துக்கொண்டால் அவள் நெஞ்சு விசிலடிப்பது அடுத்த வீட்டுக்குக் கேட்கும். தோட்டத்து ஆஸ்பத்திரி டிரசர் மருந்தைக் கொடுத்துவிட்டு, “அறைக்குள்ள புகை ஆகாதும்மா, புருஷன்கிட்ட சொல்லு” என்றார். பெண்டாட்டி பஞ்சாலை அவனிடம் சொன்னாள். சண்டை போட்டாள். சோறு போடாமல் கிடந்தாள். சுருட்டுக் கட்டைச் சாக்கடையில் எறிந்தாள். அவனும் வாசலில் போய் நின்று குடித்துப் பார்த்தான். மழை வந்தால் உள்ளே வந்துவிடுவான். வேறென்ன செய்வான், மகராஜன்.

பிள்ளை உதடு நீலம் பாய்ந்து பிழைத்த ஒரு நாள், பஞ்சாலை அவனை மாரியம்மன் கோயிலுக்கு இழுத்துக்கொண்டு போனாள். தட்டில் கற்பூரம் ஏற்றினாள். ராக்கம்மாவை அவன் முன்னால் நிறுத்தினாள்.

“இவ தலையில ஒரு கைய வையி. மறு கையால கற்பூரத்த அடி.”

“எதுக்கு புள்ள பெரிய பேச்செல்லாம். விட்டுடறேன்னா விட்டுடறேன்.”

“அடிய்யா.”

அடித்தான். உள்ளங்கை சுட்டது. இனிமேல் தொடமாட்டேன் என்று மனதாரத்தான் சொன்னான், பாவி. பதினோரு நாள் தொடவும் இல்லை.

அது வெள்ளைக்காரன் போட்ட அவசரகாலம். காட்டுக்குள் ஒளிந்து சண்டை போட்ட கம்யூனிஸ்டுகளுக்கு எதுவும் போய்ச் சேரக் கூடாது என்று லயத்தைச் சுற்றி முள்வேலி போட்டு, வாசலில் காவல் வைத்திருந்தார்கள். விடிந்து பெரட்டில் பேர் கூப்பிட்டு முடிந்து வேலைக்குப் போகும்போது ஒவ்வொருவரையும் தடவிப் பார்த்துத்தான் விடுவார்கள். அரிசி, மருந்து, கருவாடு, புகையிலை எதுவும் வேலி தாண்டக் கூடாது. பக்கத்துத் தோட்டத்தில் ஒருவன் பசியாறக் கொண்டுபோன சோற்றுப் பொட்டலத்துக்காக லாரியில் ஏற்றப்பட்டு, இன்றுவரை திரும்பவில்லை. எல்லாரும் பட்டாளத்துக்குப் பயந்தார்கள். வீரமுத்து பஞ்சாலைக்குப் பயந்தான்.

அங்கேதான் அவன் புத்தி கெட்டது. பன்னிரண்டாம் நாள் சுருட்டு வாங்கியவன் அதை வீட்டில் வைக்க முடியாதே. தலைத்துண்டின் மடிப்புக்குள் சுருட்டிக் கட்டிக்கொண்டு வேலியைத் தாண்டினான். சட்டையைத் தடவியவர்கள் தலைத்துண்டைத் தொடவில்லை. அவன் வெட்டும் மர வரிசைகளில் கடைசி நிரை காட்டோரம். அங்கே ஒரு மரத்தடியில் பழைய பிஸ்கட் டின் ஒன்றைப் புதைத்து, சுருட்டையும் தீப்பெட்டியையும் அதில் வைத்தான். தினமும் அங்கே உட்கார்ந்து ஒன்று, சில நாள் இரண்டு. வீட்டுக்கு வந்தால் கையில் ரப்பர்ப்பால் நாற்றம்தான் வீசும். அந்த நாற்றத்துக்குக் கீழே எதுவும் தெரியாது.

பஞ்சாலை லயம் முழுக்கச் சொல்லிப் பெருமைப்பட்டாள். “எம்புருஷன் வாயத் தொறந்து ஒரு சொல்லு சொன்னா சொன்னதுதான்.” அவனுக்கு மீன் தலையை எடுத்து வைத்தாள். நெடுநாளுக்குப் பிறகு அவன் பக்கத்தில் உட்கார்ந்து சிரித்தாள். சொல்லிவிட நினைத்த நாளெல்லாம் அந்தச் சிரிப்பைப் பார்த்து வாயை மூடிக்கொண்டான்.

தை மாத மழையில் ராக்கம்மா போய்விட்டாள்.

புதைத்துவிட்டு வந்து உட்கார்ந்தபோது பஞ்சாலை அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். “நீ சத்தியத்தக் காப்பாத்துனய்யா. சாமிதான் நம்மளக் காப்பாத்தல.” வீரமுத்து கையை உருவிக்கொண்டான். டிரசர், பிள்ளைக்கு வந்தது மழைக் காய்ச்சல் என்றார். அவன் நம்பவில்லை. நான்தான் கொன்றேன் என்று அவனுக்குள் ஒன்று சொல்லிக்கொண்டே இருந்தது. அதை அடக்கக் காட்டோரம் போய் உட்கார்ந்து இன்னும் இரண்டு குடித்தான்.

மாசியில் ஒரு நாள் டின்னைத் தோண்டினால் மூடி சரியாக மூடியிருக்கவில்லை. வைத்த ஒன்பதில் ஏழுதான் இருந்தது. பக்கத்து ஈரமண்ணில் செருப்புத் தடம் ஒன்று காட்டுப் பக்கம் போனது. கங்காணியிடம் போய்ச் சொல்லியிருக்க வேண்டும். டின் ஏன் அங்கே வந்தது என்று கேட்பார்களே, கேட்டால் லயத்துக்குத் தெரியுமே, லயத்துக்குத் தெரிந்தால் பஞ்சாலைக்குத் தெரியுமே. தடத்தைக் காலால் கலைத்துவிட்டு, டின்னைத் திரும்பப் புதைத்தான்.

மூன்றாம் நாள் பட்டாளம் அந்தத் தடத்தின் மிச்சத்தைப் பிடித்துக்கொண்டு வந்து டின்னை எடுத்தது. நிரை யாருடையது என்று கண்டுபிடிக்க அதிக நேரம் ஆகவில்லை.

மத்தியானம் ஆபீஸில் வெள்ளைக்கார இன்ஸ்பெக்டர் மேசைமேல் டின்னைத் திறந்து வைத்திருந்தார். ஆபீஸில் கணக்கெழுதும் கிராணி மொழிபெயர்த்தார். வீரமுத்து சொல்லிவிட்டான், “எனக்குத்தான் ஐயா. நான் குடிக்கிறதுக்கு வச்சேன்.”

கிராணி குரலைத் தாழ்த்தினார். “அதைத்தான் நிரூபிக்கணும் வீரமுத்து. நீ குடிக்கிறவன்னா கட்டுப்பாட்ட மீறின குத்தம், மிஞ்சிப்போனா சில மாசம் உள்ள இருப்ப. நீ குடிக்காதவன்னா இது காட்டுக்காரனுக்கு வச்ச சாமான். விசாரணை இல்லாம முகாம்ல போட்டுக் கப்பலேத்திடுவாங்க. நீ சுருட்ட விட்டு ஆறு மாசமாச்சுன்னு உன்ன வேலை வாங்குற மண்டோரே சொல்றாரு.”

கப்பலேற்றி இந்தியாவில் எந்த ஊருக்கு அனுப்புவார்கள்? அவன் பிறந்ததே இந்தத் தோட்டத்தில்தான். அவன் அப்பன் ஊரின் பெயரைக்கூட அவன் சரியாகக் கேட்டு வைத்துக்கொள்ளவில்லை.

“எம்பொஞ்சாதியக் கேளுங்க” என்று சொல்லிவிட்டு, அப்போதுதான் தான் என்ன சொன்னோம் என்று விளங்கி நாக்கைக் கடித்தான்.

பஞ்சாலையை லயத்திலிருந்து கூட்டிவந்தார்கள். மேசையில் இருந்ததைப் பார்த்தாள். அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. கிராணி கேட்டதும் நிமிர்ந்து நின்று சொன்னாள், “அவரு விட்டுட்டாருங்க. யார வேணும்னாலும் கேளுங்க. அந்த மாதிரி ஆளு இல்லீங்க அவரு.” புருஷனைக் காப்பாற்றிவிட்டோம் என்ற திருப்தி அவள் முகத்தில் தெரிந்தது.

“பஞ்சால,” என்றான் வீரமுத்து. “நான் விடல புள்ள. உங்கிட்ட மறைச்சுட்டேன். இதெல்லாம் என்னோடதுதான். குடிக்கிறான்னு சொல்லு. இல்லன்னா காட்டுக்காரனுக்கு வச்சதுன்னு கப்பலேத்திடுவாங்க, சொன்னாத்தான் நான் என்னைக்காவது வீட்டுக்கு வருவேன்.”

அவள் அவன் பக்கம் திரும்பினாள். அழவில்லை.

“எத்தன நாளு விட்டிருந்த?”

“பதினோரு நாளு.”

“எம்புள்ள இழுத்துக்கிட்டுக் கெடந்தப்ப?”

இன்ஸ்பெக்டர் ஏதோ கேட்டார். கிராணிக்கு இரக்கமாக இருந்திருக்க வேண்டும். பேனாவைக் கீழே வைத்துவிட்டு நிதானமாகச் சொன்னார். “இன்னொரு தரம் கேக்கறாரும்மா. நல்லா யோசிச்சுச் சொல்லு. உன் பேச்சுலதான் இருக்கு. உம்புருஷன் சுருட்டு குடிப்பாரா?”

பஞ்சாலை முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள்.

“இல்லீங்க,” என்றாள். “தொடக்கூட மாட்டாரு.”

கிராணி அதை இங்கிலீஷில் சொன்னார்.