பால் திரையும் தண்ணீர்

“இந்தத் தண்ணியில ஊத்துனா அது தேத்தண்ணியா? பாலு திரைஞ்சு நம்ம மூஞ்சியப் பாக்குது.”

முல்லைத்தீவுக் கரையில் தேத்தண்ணிக் கடை வைத்திருந்த வடிவம்மா ஒவ்வொரு கோப்பைக்கும் இதைச் சொல்லித்தான் நீட்டுவார். வன்னிக்கு வந்து முப்பது வருசமாகியும் தேயிலைத் தோட்டத்துப் பேச்சு அவரை விட்டுப் போகவில்லை. சுனாமியில் கிணறெல்லாம் உப்பாகிவிட, முறைப்பாடு இன்னும் உரத்தது.

அடுத்த வருசம் ஒரு தொண்டு நிறுவனம் மெசினொன்றைக் கொண்டுவந்து இறக்கியது. பம்பு கடல்தண்ணீரை அழுத்த, குழாய்க்குள் சுருட்டி வைத்த சவ்வு உப்பை மறித்து நல்ல தண்ணீரை மட்டும் விட்டது. அன்றைக்கு வடிவம்மாவின் கடையில் பால் திரையவில்லை. மெசினை ஓட்டிய தில்லைநாதன் இரண்டாம் கோப்பையும் கேட்டு வாங்கிக் குடித்தான்.

மறு வைகாசியில் அவன் வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்குப் போனபோது, மெசின் கொட்டில் பூட்டின் திறப்பை வடிவம்மாவிடம் கொடுத்தான். சனம் கூடுகிற நாளில் வயிற்றோட்டம் வருமென்று அவருக்குப் பயம். சுனாமி முகாமில் கிணறுகளுக்குப் பிளீச்சிங் பவுடர் போடப் பழகிய கை அது. மெசினுக்குத் தண்ணீர் போகும் தாங்கியிலும் அள்ளி அள்ளிப் போட்டார். கிருமியைக் கொல்லும் மருந்து சவ்வையும் தின்னுமென்று ஒருவரும் அவருக்குச் சொல்லியிருக்கவில்லை.

அவன் திரும்பி வந்து குழாயைத் திறந்தால், தண்ணீர் கரித்தது.

புதுச் சவ்வு வவுனியா வரைக்கும் வந்துவிட்டதாகக் கதை. ஆவணியில் திரும்பவும் சண்டை மூண்டு, வன்னிக்கு வரும் பாதையைப் பூட்டினார்கள். சவ்வு வரவேயில்லை.

பிறகு தில்லைநாதன் தினமும் கடைக்கு வந்து, அவருடைய குரலையே தோட்டத்து இழுவையோடு இழுத்துக் காட்டுவான். இண்டைக்கு எத்தனை கரண்டி பவுடர் என்பான். கடை வாங்கிலில் உட்கார்ந்து குடிப்பவர்கள் சிரிப்பார்கள். அவர் கேத்தலைக் கழுவுவார். நல்ல தண்ணீருக்காக அடுத்த ஊருக்குச் சைக்கிள் மிதித்த பெண்கள் அவரோடு கதைப்பதையே விட்டார்கள்.

2009 மாசியில், போர் சனத்தையெல்லாம் ஒதுக்கித் தள்ளிய மாத்தளன் கரையில், விரித்துக் கட்டிய ஒரு தறப்பாளுக்குக் கீழே அவர் கேத்தலை வைத்திருந்தார். பால்மா இல்லை, சீனி இல்லை. மணலில் தோண்டிய கிடங்கில் ஊறிய தண்ணீர். பதுங்குகுழியிலிருந்து ஏறி வந்த தில்லைநாதன் பக்கத்தில் குந்தினான்.

“பால்மா இல்லாதது நல்லம், வடிவக்கா. திரையாது. நீங்க அந்த மெசினைக் கெடுக்காம விட்டிருந்தா, இழுத்துக்கொண்டு வந்திருப்பம்.”

அடுத்த நாள் அங்கே செல் குண்டு விழுந்தது. தறப்பாளும் இல்லை, அவரும் இல்லை. முதல் நாள் அவர் அவனுக்குக் கடைசியாகச் சொன்னது இதுதான்:

“மெசினக் கெடுத்தது நான்தான் தம்பி, அத எப்ப இல்லேன்னு சொன்னேன்? பாதையப் பூட்டுனதும் நானா? இந்தா, உப்புத் தேத்தண்ணி. குடிச்சிட்டுப் போ.”