சாமி மேடைக்குப் போன ஸ்பேனர்

எங்கள் வீட்டு ஆயுத பூஜைக்கு ஒரு தாம்பாளம் போதும். அம்மாவின் கத்தரிக்கோல், காய் வெட்டும் கத்தி, என் கணக்குப் புத்தகம், அப்பாவின் மோட்டார் சைக்கிள் சாவி. இந்த நாலுக்கும் பொட்டு வைத்துச் சூடம் காட்டினால் சரஸ்வதியும் திருப்தி, நாங்களும் திருப்தி. எனக்குப் பத்து வயதான வருஷம் மட்டும் சாமி அறை ஒரு பட்டறையாகவே மாறிப்போனது. காரணம், வாசலில் நின்ற வண்டி.

தீவின் கடலோர ஊரான ஜெலுத்தோங்கில் எங்களுடையது வரிசை வீடு. முன்னால் ஒரு கார் நிற்கும் அளவுக்குக் கூரை போட்ட போர்ச். அப்பா வாங்கி வந்த, காட்டுப் பாதையில் ஓட்டுகிற பழைய ஃபோர் வீல் வண்டி அந்த இடத்தை முழுசாக விழுங்கிவிட்டது. அம்மா துணி காயப்போடும் கொடி பின்கட்டுக்குப் போனது. தொழிற்சாலையில் வாரமெல்லாம் மெஷின் பழுது பார்க்கும் அப்பா, சனிக்கிழமையானால் வண்டிக்கு அடியில் போய்ப் படுத்துக்கொள்வார். வார இறுதியில் எங்களுக்குக் காணக் கிடைத்தது அவருடைய கால்கள் மட்டுந்தான். அக்கரையில் செபராங் ஜெயாவிலிருந்து கடல் பாலம் தாண்டி அம்மாவின் தம்பி, என் மாமா, மோட்டார் சைக்கிளில் வந்து சேர்ந்துகொள்வார். பிறகு கால்கள் நான்காகும்.

இரண்டு பேருமாகச் சேர்ந்து பழைய ஸ்பிரிங்கைக் கழற்றி நீளமான ஸ்பிரிங் போட்டார்கள். குலுக்கலைத் தாங்கும் அப்சோர்பரை மாற்றினார்கள். பெரிய டயர் மாட்டினார்கள். ஆற்றில் இறங்கினாலும் எஞ்சின் மூச்சு விட வேண்டும் என்று ஒரு கறுப்புக் குழாயை எழுப்பிக் கூரை வரைக்கும் கொண்டுபோனார்கள். கடைசியில் வண்டி எவ்வளவு உயர்ந்துவிட்டது என்றால், அம்மா ஏறுவதற்கு ஒரு பிளாஸ்டிக் முக்காலி வைக்கவேண்டியதாயிற்று.

அப்பாவிடம் தொழிற்சாலைச் சட்டம் ஒன்று இருந்தது. வேலை முடிந்தால்தான் சாமான் தரையை விட்டுப் போகலாம். தரையில் ஸ்பேனர் கிடந்தால் அந்த இடத்தில் வேலை பாக்கி என்று அர்த்தம். கிடக்கவில்லையா, முடிந்தது. அவரும் மாமாவும் ஒருவரையொருவர் கேட்டுக்கொள்ளவே மாட்டார்கள். தரையைப் பார்ப்பார்கள், அவ்வளவுதான். இந்தச் சட்டம் எனக்கு வாய்ப்பாட்டை விட நன்றாகத் தெரியும்.

வண்டியை உயர்த்தியதற்கு ஒரு முன்கதை உண்டு. இரண்டு மாதத்துக்கு முன் அப்பா கூட்டாளிகளோடு கெடா பக்கம் ஒரு காட்டுப் பாதைக்குப் போனார். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வரவேண்டியவர் திங்கட்கிழமை ராத்திரிதான் வந்தார். வண்டி ஆற்றில் மாட்டிக்கொண்டதாம், போனுக்கு லைன் இல்லையாம். அவர் கையில் காயத்துக்குக் கட்டு. எனக்கு ஒரு பை நிறைய ஆற்றுக் கூழாங்கற்கள். நான் துள்ளிக் குதித்தேன். அம்மா மீன் பொரித்துப் போட்டாள், சிரிக்கக்கூடச் செய்தாள். அதற்கு முந்தைய ராத்திரி அவள் ஹாலில், கேட்டைப் பார்த்த சோபாவில் உட்கார்ந்திருந்ததைப் பார்த்தேன். கேட்டதற்கு ரூமில் புழுக்கம் என்றாள். ஃபேன் ரூமில்தானே இருக்கிறது என்று நினைத்துக்கொண்டே தூங்கப் போய்விட்டேன். “ஆத்துல மாட்டக் கூடாதுன்னுதான் வண்டிய ஒசத்துறேன்” என்று அப்பா சொன்னபோதும் அம்மா தலையை ஆட்டினாளே தவிர, வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை.

அந்த ஆயுத பூஜை சனிக்கிழமை வந்தது. மறுநாள் விடியற்காலை ஐந்து மணிக்கு அப்பா கூட்டாளிகளோடு மறுபடியும் அதே காட்டுக்குக் கிளம்புவதாக ஏற்பாடு, இந்தத் தடவை மாமாவும் கூட. சாமான் இல்லாமல் அப்பா காட்டுக்கு வண்டி எடுக்கமாட்டார். மத்தியானம் அம்மா என்னைக் கூப்பிட்டு, போர்ச்சில் இருக்கும் சாமான் ஒன்று விடாமல் கழுவிச் சாமி அறைக்குக் கொண்டுவரச் சொன்னாள். ஸ்பேனர், சுத்தியல், இழுக்கிற கயிறு, எல்லாம். பூஜையில் வைத்ததை மறுநாள் காலைப் பூஜை முடியாமல் தொடக்கூடாது. நாளைக்கு நல்ல நேரம் ஒன்பது மணிக்கு மேல்தான் என்றும் சொன்னாள். அம்மாவுக்கு இவ்வளவு பக்தி எப்போது வந்தது என்று எனக்கு ஆச்சரியம். ஆனாலும் பொட்டு வைக்கிற வேலை எனக்குப் பிடிக்கும்.

அப்பா குளித்துக்கொண்டிருந்தார். மாமா கடைசிச் சக்கரத்தை மாட்டி, ஆறு நட்டையும் விரலால் திருகி, ஜேக்கை இறக்கிவிட்டு, பெரிய ஸ்பேனரைக் கையில் எடுக்கும் நேரத்தில் அம்மா உள்ளிருந்து குரல் கொடுத்தாள். பூ வாங்கவில்லையாம், எலுமிச்சம்பழமும் இல்லையாம், உடனே லிட்டில் இந்தியா கடைத்தெருவுக்குப் போய் வரவேண்டுமாம். மாமா ஸ்பேனரைச் சக்கரத்துக்குப் பக்கத்தில் தரையில் வைத்தார்.

“இத மட்டும் எடுக்காத ஆயி. லெஃப்ட்டு முன்சக்கரம் பாக்கி. அப்பா வந்து முறுக்கிக்குவாரு. முறுக்கலன்னா சக்கரம் தனியா கழண்டு கோயிலுக்குப் போயிரும் லா!” என்று சிரித்துக்கொண்டே போனார்.

நான் அம்மாவிடம் பாதியைத்தான் சொன்னேன். ஒரு சக்கரம் பாக்கி, மாமா எடுக்க வேண்டாம் என்றார் என்று மட்டும். சக்கரம் கழன்று ஓடும் என்பதை விட்டுவிட்டேன், அது விளையாட்டுப் பேச்சு என்று நினைத்ததால். அம்மா அடுப்பை அணைத்துவிட்டுத் திரும்பினாள்.

“அதையும் கொண்டா. முறுக்குறதுதானே, நாளைக்கு முறுக்கிக்கலாம். வண்டி எங்கயும் போகப் போறதில்ல. அப்பாகிட்ட நான் சொல்லிக்கிறேன்.”

கொண்டுபோனேன். சந்தனம் குழைத்து நடுவில் குங்குமம் வைத்தேன். மற்ற ஸ்பேனரைவிட இதற்குத்தான் பொட்டு அழகாக விழுந்தது.

அப்பா வந்து தரையைப் பார்த்தார், முடிந்தது என்று முடிவு கட்டினார். மாமா பூவோடு வந்து தரையைப் பார்த்தார், மச்சான் முறுக்கிவிட்டார் என்று முடிவு கட்டினார். “எல்லாம் முடிஞ்சுதா?” என்று அப்பா வழக்கத்துக்கு மாறாக ஒரு பேச்சுக்குக் கேட்க, “முடிஞ்சுது மச்சான்” என்று மாமாவும் சொல்ல, நான் அம்மாவைப் பார்த்தேன். அம்மா வெற்றிலையைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

பூஜை முடிந்து நாலு டயருக்கும் எலுமிச்சம்பழம் வைத்தார்கள். அப்பா வண்டியை மெல்ல நகர்த்தினார். நாலும் நசுங்கின. அங்கே நிறுத்தியிருக்கவேண்டியவர், உற்சாகம் தாங்காமல் தலையை வெளியே நீட்டி, கோயில் வரைக்கும் போய் வரலாம், ஏறுங்கள் என்றார். அம்மாவின் முகம் மாறியது. நாளைக்குப் போகலாமே என்றாள். “சாமி கும்புடறதுக்கு நாளு தள்ளுவாங்களா?” என்றார் அப்பா. மாமா பசிக்கிறது என்று சுண்டலோடு வீட்டிலேயே உட்கார்ந்துவிட்டார். நீயும் இரு என்று அம்மா என் கையைப் பிடித்தாள், அதற்குள் அப்பா என்னைத் தூக்கிப் பின்சீட்டில் போட்டாயிற்று. அம்மா முக்காலியில் ஒரு காலை வைத்தபடி கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு ஏறினாள்.

அம்மா ஏறிவிட்டாள், அப்படியானால் ஒன்றும் ஆகாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். தெருமுனை தாண்டும்வரை அந்தத் தைரியம் இருந்தது. கடலோரப் பெரிய சாலையில் ஏறியதும் முன்னால் இடது பக்கம் ‘டொக்’ என்றது. கொஞ்சம் விட்டு இன்னொரு ‘டொக்’. அம்மா சீட்டின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டாள். அப்பா ரேடியோவைக் குறைத்துவிட்டு, புது ஸ்பிரிங், உட்கார நாளாகும் என்றார். பக்கத்தில் ஒரு லோரி உறுமிக்கொண்டு முந்தியது. சொன்னால் அம்மா மாட்டிக்கொள்வாள். சொல்லாவிட்டால் சக்கரம் கழன்று ஓடும். மாமா சொன்னது விளையாட்டில்லை என்று அப்போதுதான் உறைத்தது. வாயில் கொழுக்கட்டை அடைத்தது மாதிரி நாக்கு எழவில்லை. ‘டொக் டொக் டொக்’ என்று சத்தம் நெருங்கி நெருங்கி வந்தது. ஸ்டியரிங் அப்பாவின் கையில் நடுங்கியது.

“அப்பா, பெரிய ஸ்பேனர் சாமி ரூம்ல இருக்கு!” என்று கத்திவிட்டேன்.

வேறு யாருக்காவது அது பைத்தியக்காரப் பேச்சாக இருந்திருக்கும். அப்பாவுக்கு ஒரு நொடியில் புரிந்தது. பிரேக்கை அடிக்கவில்லை. காலை மெல்ல எடுத்து, ஓரம் கட்டி, புல்தரையில் வண்டியைத் தானாக நிற்கவிட்டார். இறங்கிப் போய்க் குனிந்து நட்டுகளை எண்ணினார். ஆறு நட்டில் இரண்டைக் காணோம். மற்ற நாலும் விரல் பட்டதும் சுழன்றன. அப்பா அப்படியே புல்லில் உட்கார்ந்துவிட்டார்.

அம்மா முக்காலி இல்லாமலே குதித்து இறங்கினாள். மாமாவுக்குப் போன் போட்டு, சாமி மேடையில் இருக்கும் பெரிய ஸ்பேனரை எடுத்துக்கொண்டு ஓடிவரச் சொன்னாள். இன்றைக்குத் தொடக்கூடாதே அக்கா என்று மாமா அந்தப் பக்கம் இழுத்திருக்க வேண்டும். “எடுத்துட்டு வாடா!” என்று அம்மா போட்ட சத்தத்தில் சாலையில் போனவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். சட்டம் போட்டவளே சட்டத்தை மீறுகிறாள்.

மாமா பத்தே நிமிஷத்தில் வந்தார். ஸ்பேனரில் என் பொட்டு அப்படியே இருந்தது. சக்கரத்தைப் பார்த்து “அலாமாக்!” என்று தலையில் கை வைத்துக்கொண்டார். வேறு இரண்டு சக்கரத்திலிருந்து ஒவ்வொரு நட்டைக் கழற்றி இதில் போட்டு, அப்பாவே முறுக்கினார். முறுக்கி முடித்தும் ஸ்பேனரைக் கீழே வைக்கவில்லை.

“யாரு எடுத்தது?”

நான் கையை உயர்த்தப் போனேன். “நான்தான் எடுக்கச் சொன்னேன்” என்றாள் அம்மா.

ஏன் என்று அப்பா கேட்டார். அம்மா கடலைப் பார்த்தபடி நின்றாள். அப்பா அவள் பக்கத்தில் போய் நின்றார்.

“பயந்துட்டியா?”

“இப்ப இல்ல” என்றாள் அம்மா. “போன தடவையிலேருந்து.”

அப்பா ஸ்பேனரைத் துடைத்து மாமாவிடம் கொடுத்தார். தள்ளிப் போய்க் கூட்டாளிகளுக்குப் போன் செய்து, நாளைக்கு வரவில்லை என்றார். அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். நான் பின்சீட்டில் உட்கார்ந்து மண்டையைக் குடைந்துகொண்டிருந்தேன். போன தடவை எந்தச் சக்கரமும் ஆடவில்லையே. அம்மா வண்டியிலேயே போகவில்லை, சோபாவில்தானே உட்கார்ந்திருந்தாள். அதில் பயப்பட என்ன இருக்கிறது?