பேங்க்காரர்கள் வந்த அன்று கீழ்த்தளத்தில்

முதல் அடி முட்டியில் விழுந்தது. ஆள் சத்தம் போடவில்லை. இரண்டாவது அடி காதோரம். அப்போதுதான் கத்தினார். அந்தக் கத்தல் மேலே கேட்கக் கூடாது என்றுதான் என்னை ஜெனரேட்டரைப் போடச் சொன்னார்கள்.

தொம்மலூரில் ஒரு ஆபீஸ் கட்டடம். கீழ்த்தளத்தில் கார் பார்க்கிங். அதன் கோடியில் ஜெனரேட்டர் ரூம். அந்த ரூமுக்கு ஆள் நான். கரண்ட் போனால் போட வேண்டும், வந்தால் நிறுத்த வேண்டும். ஏழாவதோடு பள்ளிக்கூடம் நின்றுபோனவனுக்கு நல்ல வேலை. மர்பி டவுனிலிருந்து நடந்தே வந்துவிடுவேன்.

மூன்றாவது மாடியில் ஒரு காற்றாலைக் கம்பெனி இருந்தது. வடக்கே மலைமேல் பெரிய காற்றாலைப் பண்ணை கட்டிக்கொண்டிருந்தார்கள். பணம் வெளிநாட்டு பேங்க்குகளின் கடன். மொத்தமாகத் தர மாட்டார்களாம். வேலை நடக்க நடக்க, வந்து பார்த்துத்தான் தருவார்களாம். நிலத்துக்காரன் சம்மதித்தானா, யாரையாவது மிரட்டினீர்களா என்றெல்லாம் கேட்பார்களாம். கம்பெனி டிரைவர் டீ குடிக்கும்போது சொன்னது.

"அடிச்சா கடன் கெடையாதாம் அண்ணே," என்றான். "அதனால அடிக்கிறத வெளியாளுக்கு கான்ட்ராக்ட் விட்டுட்டாங்க."

சிரித்தான். நானும் சிரித்தேன்.

அந்தக் கான்ட்ராக்ட்காரன்தான் லேண்ட் ஏஜென்ட். ஓசூர் பக்கத்து ஆள். சலவை மடிப்பு கலையாத சட்டை, கையில் எப்போதும் இரண்டு போன். ஊர் வழக்கப்படி யாரையும் 'குரு' என்பான். அவனோடு இரண்டு தடியர்கள் சுற்றுவார்கள்.

பேங்க்காரர்கள் கையெழுத்துப் போட வந்த அன்று காலை, கேட்டுக்கு வெளியே ஒருவர் நின்றார். என் வயது இருக்கும். வேட்டி, துண்டு, தூசி படிந்த செருப்பு.

"அண்ணா, பேங்க்னவரு இல்லே பர்தாரா?" என்று கேட்டார். பேங்க்காரர்கள் இங்கேதான் வருவார்களா என்று.

வருவார்கள் என்றேன். அதற்கு மேல் அவர் பேசியதும் கன்னடம்தான். தமிழில் எழுதுகிறேன். மலையடிவாரத்தில் அவருக்குக் கொஞ்சம் நிலம். காற்றாடி இறக்கையை மலைக்கு ஏற்ற ரோடு வேண்டும். அந்த ரோடு அவர் நிலத்தின் நடுவில் போகிறது. அவர் மாட்டேன் என்றார். சோளம் கதிர் வாங்கி நிற்கும்போதே ஜேசிபியை விட்டு வெட்டிவிட்டார்கள். தடுத்த அவர் மகனின் காலை உடைத்தார்கள். அவன் இன்னும் படுக்கையில் கிடக்கிறான்.

"பேங்க்காரங்களுக்குத் தெரியாது. யாராவது சொல்லணுமில்ல," என்றார்.

"சொன்னா கேப்பாங்களா?"

"கேக்கலன்னா திரும்பிப் போறேன்."

டீ வாங்கிக் கொடுத்தேன். குடித்து முடிக்கும் முன்பே ஏஜென்ட்டின் கார் வந்தது. கண்ணாடி இறங்கியது. ஏறியது. கார் கேட்டுக்குள் போனது. உடனே தடியர்கள் இறங்கி வந்து அவர் கழுத்தைத் துண்டோடு சேர்த்துப் பிடித்தார்கள். டீ கிளாஸ் விழுந்து உடைந்தது. சரிவில் இழுத்துக்கொண்டு வந்து என் ரூமில் தள்ளினார்கள்.

"ஜெனரேட்டரப் போடுய்யா," என்றான் ஏஜென்ட்.

"கரண்ட் இருக்கு சார்."

"நான் கேட்டனா?"

செவிட்டில் ஒன்று விட்டான். போட்டேன்.

அந்த மெஷின் ஓடினால் பக்கத்தில் நிற்பவன் பேச்சே கேட்காது. எல்லாம் கத்தித்தான் பேச வேண்டும். அவர்களும் கத்தினார்கள், அடித்தார்கள். ஒரு தடியனிடம் இரும்பு ராடு. இன்னொருவன் காலால். விவசாயி சுருண்டு கிடந்தார். வாயிலிருந்து எச்சிலும் ரத்தமும் சேர்ந்து தரையில் ஒழுகியது. ஏஜென்ட் ஒரு காகிதத்தை எடுத்தான். சம்மதப் பத்திரம். ரோடுக்கு நிலம் தருகிறேன் என்று. மேலே கையெழுத்து ஆவதற்குள் அது மாடிக்குப் போக வேண்டும்.

"ரேகை வை."

விவசாயி இடது கையை மூடிக்கொண்டார். கட்டைவிரலை உள்ளே வைத்து, மற்ற விரல்களால் பொத்திக்கொண்டார். இருவர் சேர்ந்து பிரிக்கப் பார்த்தார்கள். பிரியவில்லை. சுத்தியல் பிடித்த மாதிரி இருந்தது அந்தக் கை.

ஏஜென்ட் சுற்றிலும் பார்த்தான். மெஷினின் கதவு திறந்திருந்தது. உள்ளே ஃபேன் சுற்றியது. அதன் முன்னால் இருக்க வேண்டிய கம்பி வலையை பெல்ட் மாற்ற வந்தவன் கழற்றிவிட்டுப் போனான், திரும்ப வரவில்லை.

"பிரிக்க மாட்டானா? அதுல வைங்கடா. தானா பிரிப்பான்."

"அண்ணா," என்றான் தடியர்களில் ஒருவன், "வெரலே போச்சுன்னா ரேகைய எங்க எடுக்கறது?"

"அத அப்புறம் பாக்கலாம். வைடா."

"சார், கை போயிடும்," என்றேன்.

"உன் கை இல்லல்ல? சும்மா இரு குரு."

இழுத்துக்கொண்டு போனார்கள். அவர் செருப்பு ஒன்று கழன்று கிடந்தது. முழங்கையைப் பிடித்து அந்தக் கையை உள்ளே நீட்டினார்கள். நான் எமர்ஜென்சி பட்டனைக் குத்தினேன். என்ஜின் நின்றது. ஆனால் ஃபேன் உடனே நிற்காது. சுற்றிச் சுற்றித்தான் நிற்கும். அதற்குள் கட்டைவிரலையும் அடுத்த விரலையும் கொண்டுபோய்விட்டது. கரும்பு முறிகிற மாதிரி ஒரு சத்தம். என் சட்டையில் தெறித்தது.

ராடு என் தாடையில் இறங்கியது. ஏஜென்ட்தான் அதைப் பிடுங்கி அடித்தான். பல் இரண்டு வாய்க்குள்ளேயே உதிர்ந்தன.

"போடு. திரும்பப் போடு."

விவசாயி இப்போது கத்திக்கொண்டிருந்தார். ஒரு தடியன் துண்டை அவர் வாயில் திணித்தான். கண் மேலே சொருகியது. இந்த ஆள் இங்கேயே செத்துவிடுவான் என்று நினைத்தேன். என் கையில் ஸ்பேனர் இருந்தது. ஏஜென்ட் மண்டையில் போட்டிருக்கலாம். மூன்று பேர் அவர்கள். கதவுக்கு வெளியே சுவரில் ஃபயர் அலாரம் இருந்தது. ஓடினேன். முதுகில் ஒரு அடி விழுந்தது. விழுந்தபடியே கண்ணாடியை உடைத்தேன்.

அந்த அலாரம் வெகுநாள் செத்துக் கிடந்தது. பேங்க்காரர்கள் பார்ப்பார்கள் என்று அந்த வாரம்தான் சரிசெய்திருந்தார்கள். கட்டடம் முழுக்க அலறியது.

மேலே நடந்ததை டீ கொடுக்கும் அம்மா பிறகு சொன்னாள். கம்பெனி ஆள் ஒருவரும் எழவில்லையாம். சும்மா அடிக்குது, உட்காருங்கள் என்றார்களாம். பேங்க்கிலிருந்து வந்த வெள்ளைக்கார அம்மா மட்டும் பேனாவை மூடி வைத்து, பையை மாட்டிக்கொண்டு, படியில் இறங்க ஆரம்பித்தாளாம். அவர்கள் ஊரில் மணி அடித்தால் எழுந்திருக்க வேண்டும், அவ்வளவுதான். அவள் இறங்கியதும் அவளோடு வந்தவர்கள் எல்லோரும் இறங்கினார்கள். அந்தப் படி கீழ்த்தளத்தில்தான் முடியும்.

ஏஜென்ட் ராடை ஒரு காருக்கு அடியில் தள்ளினான். வாயிலிருந்த துண்டை உருவி விவசாயியின் கையில் சுற்றினான். அதற்குள் அந்த அம்மா வந்து நின்றுவிட்டாள். நரைத்த முடி, உயரம். தரையைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். கம்பெனி மேனேஜர் மூச்சு வாங்க ஓடி வந்து இங்கிலீஷில் பேசினார். எனக்கு இரண்டு வார்த்தை புரிந்தது. டீசல். திருடன்.

விவசாயி கன்னடத்தில் ஏதோ சொல்லப் பார்த்தார். பல் அடித்துக்கொண்டது.

அந்த அம்மாவோடு ஒரு பெண் வந்திருந்தாள். மெட்ராஸ் தமிழ்.

"அண்ணா, உங்க வாயில ரத்தம் வருது. என்ன ஆச்சு?"

பல்லைத் துப்பிவிட்டுப் பேசினேன். "அவர் திருடன் இல்லம்மா. அவர் நெலத்துலதான் ரோடு வெட்டினாங்க. மகன் காலை ஒடச்சாங்க. ரேகை வெக்கலன்னு கையை ஃபேன்ல வெச்சாங்க."

அவள் இங்கிலீஷில் சொன்னாள். வெள்ளைக்கார அம்மா ஒன்றுதான் கேட்டாள்.

"யார் வெச்சாங்கன்னு கேக்கறாங்க," என்றாள் அந்தப் பெண்.

ஏஜென்ட் என் பக்கம் சாய்ந்தான். "வீடு மர்பி டவுன்தானே குரு?" என்றான் மெதுவாக.

கையை நீட்டிக் காட்டினேன்.

ஆம்புலன்ஸில் நானும் ஏறினேன். விவசாயி கண்ணைத் திறந்து, "ஹேளித்யா?" என்றார். சொன்னாயா என்று. சொன்னேன் என்றேன். மறுபடி கண்ணை மூடிக்கொண்டார்.

அன்று கையெழுத்து ஆகவில்லை. எனக்கு வேலை போனது. பிறகு ஒரு நாள் தடியர்கள் இருவரும் என் தெருவுக்கு வந்தார்கள். ஒருவன் என் விலாவை உடைத்தான். நான் அவன் மணிக்கட்டை உடைத்தேன். இன்னொருவனைத் தெருப் பெண்கள் விளக்குமாற்றால் அடித்துக் குழாயடி வரை துரத்தினார்கள். "எங்க ஏரியாவுல வந்து சீன் போடறியாடா நாயே" என்று ஒருத்தி தண்ணீர்க் குடத்தையே எறிந்தாள். ஏஜென்ட் உள்ளே போனான், ஜாமீனில் வெளியே வந்தான்.

ரோட்டை நிலத்தைச் சுற்றி வளைத்துப் போட்ட பிறகுதான் பேங்க் மீதிக் கடனைக் கொடுத்தது. மலைமேல் காற்றாடிகள் சுற்றுகின்றன. நான் இப்போது ஹெப்பகோடியில் ஒரு கல்யாண மண்டபத்தில் ஜெனரேட்டர் பார்க்கிறேன். இடது பக்கம் மெல்ல முடியாது.

போன வாரம் விவசாயி போன் செய்தார். மகன் கம்பு ஊன்றி நடக்கிறானாம். சோளம் போட்டிருக்கிறாராம்.

"புதுசா ஒரு ஏஜென்ட் வந்தான்," என்றார். "இன்னும் காத்தாடி வெக்கணுமாம். வலது கை ரேகை போதும்னான்."

"என்ன சொன்னீங்க?"

"ஒண்ணும் சொல்லல. நாயை அவுத்து விட்டேன்."

"கடிச்சுதா?"

"நல்லாக் கடிச்சுது."