வெண்கலக் கால்காரியின் கதையை அப்பா சொன்ன விதம்

முதலில் தொலைந்தது ஒரு செருப்பு. கல்லூரி முடிந்து ஓசூர் பேருந்து நிலையத்தில் இறங்கி, சாலையைக் கடந்து, பழக்கடை வரை நடந்து வந்துவிட்டேன். கடைக்கார அம்மா தெலுங்கில் ஏதோ சொல்லி என் காலைக் காட்டிச் சிரித்தார். வலது காலில் செருப்பு இல்லை. எங்கே கழன்றது என்று எனக்குத் தெரியவில்லை. அப்படித் தெரியாமல் போனதே முதல் அறிகுறி என்று மருத்துவர் பிறகு சொன்னார். அன்றைக்கு எனக்குப் புதுச் செருப்பு போச்சே என்ற வயிற்றெரிச்சல் மட்டும்தான்.

அதற்குச் சில நாட்களுக்கு முன் வயிற்றுப்போக்கு வந்து சரியாகியிருந்தது. அதை யாரும் இதோடு முடிச்சுப் போடவில்லை. மறுநாள் இரண்டு பாதங்களும் மதமதவென்று ஆகி, மாடிப்படி ஏற முடியாமல் பாதியில் உட்கார்ந்துவிட்டேன். அப்பாவிடம், "கால் வெண்கலமாயிட்டு வருதுப்பா" என்றேன். அவர் சிரித்தார். எங்கள் வீட்டில் அது இரண்டு பேருக்கு மட்டுமே புரியும் வேடிக்கை.

அந்த நாட்களில் கேபிளில் ஒரு ஜப்பானிய கார்ட்டூன் தொடர் வந்துகொண்டிருந்தது. பாலே நடனத்தை (நுனிக்காலில் நின்று ஆடும் ஐரோப்பிய ஆட்டம்) வைத்துப் பின்னிய தேவதைக் கதை. ஒரு மலையூர். அங்கே கதை எழுதிக்கொண்டிருந்தவர் பாதியில் எழுந்து போய்விட்டார். கதைக்குள் இருந்தவர்கள் நின்ற இடத்திலேயே நிற்கிறார்கள். கோபுரத்தில் காத்திருக்கும் ராணி, போருக்குக் கிளம்பி வாசலைத் தாண்டாத வீரன். மணி வார்க்கும் கொல்லரின் மகள், வாய் பேசாத பெண், ஒவ்வொருவருடைய மீதிக் கதையையும் தான் ஆடி முடித்து அவர்களை அனுப்பிவைக்கிறாள். ஆடும் ஒவ்வொரு தடவையும் அவள் பாதம் கொஞ்சம் வெண்கலமாகிறது. விரல் நுனியில் தொடங்கி மேலே ஏறுகிறது.

அவள் பேசுவதெல்லாம் கையால்தான். பாலேயில் அதற்கென்று சைகைகள் உண்டு. நெஞ்சில் இரு கைகளையும் வைத்தால் அன்பு. தலைக்கு மேல் கைகளைச் சுழற்றினால் நடனம். முஷ்டிகளைக் குறுக்காக வைத்துக் கீழே இறக்கினால் மரணம்.

அப்பா பிரஸ் ஷாப் ஆபரேட்டர். தகட்டை அச்சில் வைத்து அழுத்தி வண்டிப் பாகங்கள் எடுக்கிற வேலை. விருதுநகர்ப் பக்கத்திலிருந்து ஓசூருக்கு வந்து, அந்தச் சத்தத்திலேயே காதைப் பாதி இழந்தவர். டிவியில் யார் பேசினாலும் அவருக்குக் கேட்காது. அம்மாவின் நெடுந்தொடர்களில் எல்லோரும் வாயை மட்டும் அசைக்கிறார்கள் என்பார். அதனால் ஏ ஷிஃப்ட் (காலை முறை வேலை) வாரங்களில் என்னோடு உட்கார்ந்து இதைப் பார்க்கத் தொடங்கினார். "டிவியில இந்தப் பிள்ள ஒண்ணுதான் ஒழுங்காப் பேசுது" என்பார்.

பிரஸ் ஷாப்பிலும் கைப்பேச்சுதான். அவர் எனக்கு அதைச் சொல்லிக்கொடுத்தார். அங்கே ஒரு கண்டிப்பான வழக்கம்: ஷிஃப்ட் முடிந்தாலும், ரிலீவர் (அடுத்த ஷிஃப்டில் அதே மிஷினை ஏற்பவர்) வராமல் ஆபரேட்டர் இடத்தை விட்டு நகரக்கூடாது. கிளம்பட்டுமா என்று ஒருவன் கையால் கேட்டால், சூப்பர்வைசர் ஆள்காட்டி விரலால் தரையை இரண்டு முறை குத்திக் காட்டுவார். ஆள் வரவில்லை, நில் என்று பொருள். ரிலீவர் வந்து இடது தோளில் தட்டினால்தான் போகலாம். தட்டு வாங்காமல் போகிறவனை அப்பா மனிதனாகவே மதிக்க மாட்டார்.

கால் மதமதப்பு இடுப்புக்கு ஏறியபோது ஆம்புலன்ஸில் பெங்களூருக்குக் கொண்டுபோனார்கள். அத்திப்பள்ளி செக்போஸ்டில் லாரிகளுக்கு நடுவே வண்டி நின்றபோது என் கைகள் தளர்ந்தன. முதுகெலும்பிலிருந்து நீர் எடுத்துப் பார்த்துவிட்டு, கில்லன்-பாரே சிண்ட்ரோம் (உடலின் எதிர்ப்புச் சக்தியே நரம்புகளைத் தாக்கும் நோய்) என்றார்கள். மருத்துவர் ஒரு பெண்மணி. கன்னட வாடையுள்ள தமிழில், "நரம்பு மேல இருக்கிற உறை போயிடுச்சு. திரும்ப வளரும். எவ்வளவு வளரும்னு என்னால சொல்லமுடியாது" என்றார். எனக்கு அவரைப் பிடித்துப்போனது. சும்மா தேற்றுவதற்காக அவர் ஒரு வார்த்தைகூடச் சொன்னதில்லை.

பிளாஸ்மா மாற்றினார்கள் (ரத்தத்தின் நீர்ப்பகுதியை எடுத்துவிட்டு மாற்றுத் திரவம் செலுத்துவது). அதற்குள் மூச்சுத் தசைகளும் படுத்துவிட்டன. வெண்டிலேட்டர் (மூச்சை உள்ளே தள்ளித்தரும் இயந்திரம்), பிறகு ட்ரக்கியாஸ்டமி (தொண்டையில் துளையிட்டுக் குழாய் வைப்பது). குரல் போனது. கண்ணிமை மட்டும் என் வசம் இருந்தது.

இதே நோயோடு இருப்பவரைப் பார்க்கப் போகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். அவருக்கு எல்லாம் கேட்கும். என் கட்டில் ஓரத்தில் நின்று உறவினர்கள் என் கல்யாணத்தைப் பற்றிக் கவலைப்பட்டதை ஒரு வார்த்தை விடாமல் கேட்டேன். போய்த் தொலையுங்கள் என்று சொல்லக்கூட வழியில்லாமல் கிடந்தேன்.

அப்பா வேறு மாதிரி. பார்வை நேரத்தில் வந்து கட்டிலின் கால்மாட்டில் நின்று, தொடரில் எனக்குத் தவறிப்போன கதையைக் கையாலேயே சொல்வார். கனத்த உடம்பு, தொப்பை, நீலச் சட்டை. அப்படியே நுனிக்காலில் எழும்பி, ராணியாகவும் வீரனாகவும் மாறுவார். மலையாள நர்ஸுகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள். அவர் சட்டை செய்ததே இல்லை. அந்த நேரத்துக்காக மட்டுமே நான் நாள் முழுவதும் கூரையைப் பார்த்துக் கிடந்தேன்.

வாரங்கள் போய், தோளும் முழங்கையும் முதலில் திரும்பின. விரல்களை மடக்க முடிந்த சமயம் நுரையீரலில் கிருமி சேர்ந்து காய்ச்சல் கண்டது. சளியை உறிஞ்சக் குழாய்க்குள் இன்னொரு குழாய் விடும்போதெல்லாம் கிணற்றில் அமுக்குவது போல இருக்கும். பக்கத்துக் கட்டிலில் என் நோயோடே இருந்த கோலார்க்காரர் ஒருநாள் இதயத் துடிப்பு தாறுமாறாகி இறந்துபோனார். திரையை இழுத்தார்கள். சத்தத்தைக் கேட்டுக்கொண்டே இருந்தேன்.

அன்று அப்பா வந்ததும், கதையைத் தொடங்குமுன், நான் முஷ்டிகளைக் குறுக்காக வைத்துக் கீழே இறக்கினேன். போதும், சாகவேண்டும் என்றேன்.

புரியாதது போல நடிப்பார் என்று நினைத்தேன். நடிக்கவில்லை. நிறைய நேரம் என் கைகளையே பார்த்தார். பிறகு ஆள்காட்டி விரலால் தரையை இரண்டு முறை குத்திக் காட்டினார்.

ரிலீவர் வரவில்லை. நில்.

எனக்குக் கோபம் பொங்கியது. இது என்ன உங்கள் தொழிற்சாலையா என்று கத்தத் தோன்றியது. கத்தக் குரல் இல்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அவர் பார்வை நேரம் முடிந்து மணி அடிக்கும்வரை கால்மாட்டிலேயே நின்றுவிட்டுப் போனார்.

தொடர் முடிந்தபோது ஷிஃப்டை மாற்றிக்கொண்டு பார்த்துவிட்டு வந்து சொன்னார். கொல்லர் உலை மூட்டுகிறார், வெண்கலம் உருகி வழிகிறது, பெண் தன் காலால் நடந்து போகிறாள். அதைக் காட்டுவதற்குத் தரையைத் தம்தம்மென்று மிதித்து நர்ஸிடம் கன்னடத்தில் வாங்கிக் கட்டிக்கொண்டார். நான் அழுதேன். அந்த முடிவை நம்பித்தான் வெண்டிலேட்டரிலிருந்து விடுபட்டேன், கம்பியைப் பிடித்து நின்றேன்.

வீடு திரும்பியபோது எனக்கு ஃபுட் டிராப் (பாதத்தின் முன்பகுதியைத் தூக்க முடியாமல் தொங்கிப்போவது) மிஞ்சியிருந்தது. கெண்டைக்காலுக்குப் பின்னால் பிளாஸ்டிக் பட்டை. மறு வருடம் கேபிளில் அதே தொடரை மறுபடி போட்டார்கள். கடைசிப் பகுதியை அப்பாவோடு உட்கார்ந்து பார்த்தேன்.

உலையும் இல்லை, உருகலும் இல்லை. எல்லோர் கதையும் முடிந்து ஊர் காலியாகிறது. முழங்கால் வரை வெண்கலமான பெண் சதுக்கத்தில் தனியாக நிற்கிறாள். கொல்லர் வந்து சுத்தியலால் அவள் காலை மெல்லத் தட்டுகிறார். அது மணியாக ஒலிக்கிறது. அந்த ஒலிக்கு அவள் கைகளால் மட்டும் ஆடுகிறாள். அவ்வளவுதான் முடிவு.

அப்பாவைத் திரும்பிப் பார்த்தேன். அவர் ரிமோட்டைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"முடிவ மாத்திட்டேன் தாயி," என்றார். "அப்ப வேற வழி தெரியல."

அவரிடம் ஒரு வாரம் பேசவில்லை. தொடரின் மேல் கோபமே வரவில்லை. அதை வரைந்தவர்கள் அந்தப் பாதத்தைத் தரையில் வைக்கும் ஒவ்வொரு முறையும் அதன் கனத்தோடு வைத்திருந்தார்கள். என் கால் இப்படித்தான் தரையில் விழுகிறது. நான் படித்த தேவதைக் கதைகளிலெல்லாம் கடைசிப் பக்கத்தில் எல்லாம் பழையபடி ஆகிவிடும். பிசியோதெரபி அறையிலும் அதையேதான் சொன்னார்கள். என் காலைப் பற்றி உண்மை பேசியவர்கள் இரண்டு பேர்: ஒரு மருத்துவர், ஒரு கார்ட்டூன்.

சில வருடங்களில் அப்பாவுக்கு இருமல் தொடங்கியது. பல்மனரி ஃபைப்ரோசிஸ் (நுரையீரல் தழும்பேறி இறுகிப்போவது). காரணம் தெரியவில்லை என்றார்கள். ஓசூர் மருத்துவமனையில் ஆக்சிஜன் மாஸ்க் போட்டும் மூச்சு எட்டவில்லை. வெண்டிலேட்டரில் போடலாம், ஆனால் போட்டால் பிறகு எடுக்க முடியாது, இன்றே முடிவு சொல்லுங்கள் என்றார் மருத்துவர். அம்மா பர்கூர்ப் பக்கத்து மனுஷி, எதையும் சுற்றி வளைக்கமாட்டாள். "நீ அதுக்குள்ள இருந்து வந்தவ. நீயே சொல்லுடி" என்றாள்.

உள்ளே போனேன். மாஸ்க்குக்குப் பின்னால் அவரால் ஒரு சொல்கூடப் பேச முடியவில்லை. என்னைப் பார்த்ததும் முஷ்டிகளைக் குறுக்காக வைத்துக் கீழே இறக்கினார்.

என் விரல் தானாகத் தரையைக் காட்டியது. ஒரு முறை. இரண்டாவது முறை குத்துவதற்குள் அவர் கையைத் தூக்கித் தடுத்தார். பிறகு அதே கையால் என்னைச் சுட்டிக் காட்டினார்.

நீதான் வந்துவிட்டாயே.

உலை மூட்டி அவர் நுரையீரலை உருக்கிக் காட்ட எனக்கும் கைகள் இருந்தன. அப்படிச் சொல்லியிருந்தால் அவர் நம்புவதாக நடித்துக் குழாய்க்கும் சம்மதித்திருப்பார். அந்தக் குழாய்க்குள் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியும். கிட்டே போய் அவருடைய இடது தோளில் தட்டினேன். சட்டைக்குள் எலும்புதான் தட்டுப்பட்டது. அவர் கண்ணை மூடிக்கொண்டார். வெளியே வந்து, வேண்டாம் என்று மருத்துவரிடம் சொன்னேன். மறுநாள் மதியம் அப்பா போய்விட்டார்.

இப்போதும் பேருந்திலிருந்து இறங்கியதும் குனிந்து பார்க்கிறேன், செருப்பு இரண்டும் இருக்கிறதா என்று. பாதம் எனக்கு எதையும் சொல்வதில்லை, கண்தான் போய்ப் பார்த்துவர வேண்டியிருக்கிறது. அடுத்த வருடம், அதற்கடுத்த வருடம் என்று எண்ணும் பழக்கம் விட்டுப்போய்விட்டது. அன்றன்றைக்கு ஒரு ஷிஃப்ட். எனக்கு ரிலீவர் இன்னும் வரவில்லை. நின்றுகொண்டிருக்கிறேன்.