மீட்டமை என்ற சொல்

துறைமுகத்துக்குப் போகும் தெருவில், ஒரு மருந்துக்கடையின் மேல்மாடியில் நாங்கள் இரண்டு பேர் வேலை செய்தோம். நான் உப்புவெளியிலிருந்து சைக்கிளில் போவேன். என் தோழி கிண்ணியாவிலிருந்து பஸ்ஸில் வருவாள். பேசப் பிந்தும் பிள்ளைகளின் பெற்றோருக்காகத் தமிழில் ஓர் இணையத்தளம் செய்துகொண்டிருந்தோம். வீட்டில் செய்யும் பயிற்சிகளை எழுதியது அவள்தான். அவளுடைய மகனும் பேசப் பிந்தியவன். அவனோடு சமைக்கிற குசினியிலும் கடற்கரையிலும் செய்து பார்த்தவற்றையே எழுதினாள்.

அம்மா ஆஸ்பத்திரியில் இருந்ததால் ஒரு கிழமை, ஏழு நாளும், நான் வேலைக்குப் போகவில்லை. திரும்பிப் போன அன்று, அவள் கணினியைத் திறக்காமல் கதிரையில் இருந்தாள். கேட்டபோது மெல்லச் சொன்னாள். ஒரு பக்கத்தைத் தவறுதலாக அழித்திருக்கிறாள். கோப்புகளின் பழைய வடிவங்களைக் காத்து வைக்கும் மென்பொருளில் அதைத் திரும்ப எடுக்கலாம் என்று அதன் தமிழ்க் கையேட்டைப் பார்த்திருக்கிறாள். 'கோப்புகளைக் கடைசிப் பதிவின் நிலைக்கு மீட்டமைக்கும்' என்று ஒரு கட்டளைக்கு விளக்கம் இருந்தது. அதைக் கொடுத்தாள். அழிந்த பக்கம் வந்தது. ஆனால் அந்தக் கிழமை எழுதி, அந்த மென்பொருளில் இன்னும் பதிவு செய்யாதிருந்த மற்றதெல்லாம் போய்விட்டது.

"மீட்கிறதெண்டா திரும்பக் கொண்டுவாறதுதானே. நான் பிழையா விளங்கிட்டனா?" என்று கேட்டாள்.

அந்த வரியை நானும் வாசித்தேன். "இல்லை. நானெண்டாலும் அப்பிடித்தான் விளங்கியிருப்பன்."

அதுவரை அடக்கி வைத்திருந்தவள் அப்போதுதான் அழுதாள். நான் தேத்தண்ணி வாங்கி வந்தேன். பிறகு அவள் சொல்லச் சொல்ல நான் தட்டினேன். மகனை மடியில் வைத்து உதட்டசைவைக் காட்டியது, அலை வரும்போது 'வா' என்று கூப்பிட வைத்தது. பெரும்பாலானவை திரும்ப வந்தன. சில வரவேயில்லை.

அந்தக் கையேட்டைத் தமிழாக்கும் தன்னார்வலர்களுக்கு நடந்ததை எழுதினோம். ஒருவர் அன்பாகப் பதில் போட்டார். பழைய நிலைக்கே திருப்பிவிடும் ஆங்கில 'ரீசெட்'டுக்கு 'மீட்டமை' என்பது எல்லா இடத்திலும் வழக்கமாகிவிட்டது, சொல்லை மாற்றுவது கடினம், விளக்கத்தைத் திருத்தலாம் என்றார். விளக்கத்தின் கடைசியில் ஓர் எச்சரிக்கை சேர்க்கலாம் என்று நான் நினைத்தேன். அவள் மறுத்தாள்.

"அதைத் தேடி வாற ஆள் ஏற்கனவே பயந்துபோய் இருப்பார். முதல் வரிக்கு மேல வாசிக்க ஏலாது அவருக்கு."

ஆகவே முதல் வரியிலேயே எழுதினோம்: 'நீங்கள் இன்னும் பதிவு செய்யாத மாற்றங்கள் அழிந்துவிடும், அவற்றைத் திரும்பப் பெற முடியாது.' 'இழக்கப்படலாம்' என்று நான் போட்டிருந்ததை 'அழிந்துவிடும்' என்று மாற்றியதும் அவள்தான். 'லாம்' என்றால் யாராவது துணிந்து பார்ப்பார்கள் என்றாள்.

சில கிழமைகளில் அந்த வரி கையேட்டில் வந்தது. அவள் அதை மெதுவாக, பிள்ளைக்குச் சொல்வதுபோல, ஒருமுறை சத்தமாக வாசித்தாள். பிறகு கதிரையை என் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டு, இன்றைக்கு 'ப' எழுத்துக்கான பயிற்சியைத் தொடங்குவோம் என்றாள்.