நல்ல மரத்துக்கு ஒரு சிவப்புக் குறி

வெள்ளிக்கிழமை மாலை மழை ஓய்ந்ததும் போன் வந்தது. ஆஸ்டின் டவுனில் தூங்குமூஞ்சி மரத்தின் பெருங்கிளை ஒன்று முறிந்து, ஸ்கூட்டரில் வீடு திரும்பிக்கொண்டிருந்த ஸ்டெல்லா அக்காவின் மேல் விழுந்துவிட்டது. மரங்களை அளப்பதையே தொழிலாகக் கொண்டவர். "மரமே அவங்கள பலி வாங்கிடுச்சே" என்று ஆளாளுக்குச் சொல்கிறார்கள். கேட்கக் கேட்க எனக்கு எரிச்சல்தான் வருகிறது.

அலுவலகத்தில் அவரும் நானும் ஜோடி. பருத்த மரத்தை ஒற்றை ஆளாக அளக்க முடியாது. நான் நாடாவின் முனையை நெஞ்சுயரத்தில் பிடித்து நிற்பேன். அவர் மரத்தைச் சுற்றி வருவார். மறுபக்கத்திலிருந்து முதலில் அவர் கை தெரியும், பிறகு பேச்சு கேட்கும். "இன்னாடி இது, ஒரு ரவுண்டு வர்றதுக்குள்ள துன்ன தோசையெல்லாம் கரைஞ்சிபோச்சு!"

ஒரு புயலுக்குப் பிறகு எங்களைக் கடற்கரைச் சவுக்குக் காட்டுக்கு அனுப்பினார்கள். பாதிக் காடு முறிந்து கிடந்தது. மிஞ்சிய பழைய மரங்களை அளந்து, தாங்காதவற்றுக்குச் சிவப்புக் குறி போட வேண்டும். போட்டால் வெட்டிவிடுவார்கள். அக்கா அதில் படுகறார். "பயந்துக்கினு நல்ல மரத்த வெட்டாத. அடுத்த புயல்ல ஊருக்குத் தடுப்பா இன்னா இருக்கும்?" என்பார்.

அங்கே ஒரு பெரிய சவுக்கின் கிளை விழுந்து மீனவர் ஒருவர் இறந்திருந்தார். அளந்து பார்த்தோம், அடிமரத்தில் ஒரு குறையுமில்லை. அப்போது அந்த மீனவரின் மனைவி குடத்தோடு வந்தார். மரத்தை நெருங்கியதும் கண்களை இறுக மூடிக்கொண்டு கடந்து போனார். அக்கா பெயிண்ட் டப்பாவைத் திறந்தார்.

"அக்கா, மரம் நல்லாத்தான கீது?"

"மரம் நல்லாதான் கீது. அந்தம்மா நல்லா இல்லியே. டெய்லி இதுங்கீழதான தண்ணிக்குப் போவணும்."

சொல்லிவிட்டு அடிமரத்தில் சிவப்புக் குறி போட்டார்.

அடக்கம் முடிந்த மறுவாரம், ஆஸ்டின் டவுன் மரத்தை அளக்க என்னைத்தான் அனுப்பினார்கள். அக்காவின் கணவர் சார்லஸ் அண்ணன், அதே தெருவிலிருந்த தன் வீட்டிலிருந்து இறங்கி வந்தார். அந்த மரத்தைத் தாண்ட முடியாமல் பால் வாங்கக்கூட அடுத்த தெருவைச் சுற்றிப் போகிறவர், அன்று நாடாவை வாங்கிக்கொண்டு மரத்தைச் சுற்றினார். மறுபக்கத்திலிருந்து வேறொரு கை வந்ததும் எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. தட்டிப் பார்த்தேன், வேரைப் பார்த்தேன். எங்கும் பழுதில்லை.

"நல்ல மரம்தானம்மா? அவ இருந்தா விட்டிருப்பா" என்றார் அண்ணன்.

"விட்டிருக்க மாட்டாங்கண்ணா" என்று சொல்லிவிட்டுச் சிவப்புக் குறி போட்டேன்.

இனி அண்ணன் நேர் வழியிலேயே பால் வாங்கப் போவார், அக்கா. நீங்கள் நிம்மதியாகப் போங்கள்.