வெளிச்சத்துக்கு கிரீஸ் போட்டவர்

அந்தமானின் ஹட் பேயில் ஏதாவது ஒரு கதவு சத்தமில்லாமல் திறந்தால், அதன் கீலில் அடைக்கலசாமியின் சுண்டுவிரல் பட்டிருக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம். ஜெய்னுதீன் பாயின் கட்டுமானப் பொருள் ஏஜென்சியில் அவர் ஸ்டோர் கீப்பர். போர்ட் பிளேயரிலிருந்து கப்பலில் வந்து இறங்கும் சிமெண்டையும் கம்பியையும் தகரத்தையும் அடுக்கி வைப்பதும், கேட்டவர்களுக்கு எடுத்துக் கொடுப்பதும் வேலை. சம்பளம் அதற்குத்தான். மனிதர் பிறவி எடுத்தது என்னவோ இரும்பைத் துருவிடமிருந்து காப்பாற்றத்தான் என்று தோன்றும்.

அதில் நியாயம் இல்லாமல் இல்லை. இந்த ஊர்க் காற்றில் பாதி உப்பு. புதுப் பூட்டு ஒரு மழைக்காலம் தாண்டினால் அதற்கு ஆயுசு கெட்டி என்று அர்த்தம். அடைக்கலசாமியின் குடும்பம் தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வந்து படகு என்ஜின்களோடு மல்லுக்கட்டிய குடும்பம். அந்த வீட்டில் புது இரும்பு எதுவும் கிரீஸ் படாமல் வேலைக்குப் போகாது. பிள்ளைக்குத் திருஷ்டிப் பொட்டு வைப்பதுபோல அது ஒரு பழக்கம். சைக்கிள் செயினுக்கு வைப்பார்கள், சரி. தையல் ஊசிக்கும் வைப்பார்கள்.

அடைக்கலசாமி தன் பேண்ட் பாக்கெட்டில் பழைய தைல டப்பா ஒன்றில் எப்போதும் கிரீஸ் வைத்திருப்பார். மூடியைத் திறந்து, சுண்டுவிரல் நுனியால் ஒரு பொட்டு எடுத்து, வைக்க வேண்டிய இடத்தில் வைத்து, மிச்சத்தை இடுப்புக்குக் கீழே பேண்டின் ஓரத்தில் துடைத்துவிடுவார். அந்தக் கறையைத் துவைத்துத் துவைத்தே தன் கைரேகை போய்விட்டது என்று அவர் மனைவி சூசைமேரி சொல்வாள். கோயில் மணியின் அச்சு, ஆஸ்பத்திரி ஸ்ட்ரெச்சரின் சக்கரம், முன்பின் தெரியாதவர்களின் ஸ்கூட்டர் ஸ்டாண்டு, எல்லாவற்றுக்கும் கேட்காமலே செய்திருக்கிறார். எதிர்வீட்டு ரெங்கம்மா ஒருத்திதான் வாசலுக்கு வந்து சண்டை போட்டாள். புருஷன் எத்தனை மணிக்கு வீடு திரும்புகிறான் என்பதை அவள் கேட்டின் சத்தத்தை வைத்துத்தான் கண்டுபிடித்துக்கொண்டிருந்தாளாம்.

மகன் ஜெரால்டுக்கு மட்டும் இந்தக் கிரீஸ் பிடிக்காது. பள்ளிக்கூடத்தில் பரிசு வாங்கிய நாளில் அப்பா முதுகில் தட்டிக் கொடுக்க, வெள்ளைச் சட்டையில் ஐந்து விரலும் பதிந்துவிட்டது. போட்டோவிலும் அது விழுந்தது. அதற்குப் பிறகு அவன் அப்பாவிடம் முதுகைக் காட்டியதில்லை. படித்தான், மெயின்லேண்டுக்குப் போனான், தூத்துக்குடியில் வேலை, அங்கேயே சுபிதா என்ற பெண்ணைப் பார்த்து நிச்சயதார்த்தத்துக்கு நாளும் குறித்தார்கள்.

சூசைமேரி முன்னாலேயே போய்விட்டாள். ஸ்டோரில் சரக்கு இறங்கவிருந்ததால் அடைக்கலசாமி அடுத்த கப்பலில் வருவதாகச் சொன்னார். கிளம்புவதற்கு முன் ஜெரால்டு போனில் பேசினான். சாப்பாடு, டிக்கெட், சட்டை என்று எல்லாம் பேசிவிட்டுக் கடைசியில் தயங்கித் தயங்கிச் சொன்னான்: "அப்பா, இங்க வந்து எதுலயும் கிரீஸ் வச்சிராதீங்க. பொண்ணு வீட்டுக்காரங்கல்லாம் இருப்பாங்க."

வைக்கமாட்டேன் என்று சொன்னார். டப்பாவை வீட்டிலேயே விட்டுப் போவதாகவும் முடிவு செய்தார். ஆனால் கடல் சீறி, கப்பலை ரத்து செய்துவிட்டார்கள். டப்பாவும் அவரும் ஹட் பேயிலேயே இருந்தார்கள்.

பிள்ளையின் நிச்சயதார்த்தத்துக்குப் போக முடியாத தகப்பனுக்கு ஊரில் எல்லாரும் ஆறுதல் சொன்னார்கள். ஜெய்னுதீன் பாய்தான் ஒரு வழி சொன்னார். ஆபீசில் புது ரௌட்டர் வந்திருக்கிறது, பெரிய கம்ப்யூட்டர் இருக்கிறது, வீடியோவில் உட்கார்ந்து பார். போன் நெட்டில் ஒரு போட்டோ வந்து சேர்வதற்குள் டீ ஆறிவிடும் ஊரில் அது பெரிய உபகாரம். ஒரே ஒரு நிபந்தனை வைத்தார். லைன்மேன் சந்திரமோகன் வந்து மாட்டும்வரை புதுப் பெட்டியில் யாரும் கை வைக்கக்கூடாது.

பாய் அப்படிச் சொன்னது பொதுவாகத்தான். ஆனால் சொல்லும்போது அவர் அடைக்கலசாமியைப் பார்த்தார்.

நிச்சயதார்த்தத்தன்று அடைக்கலசாமி விடிந்ததும் ஆபீசைத் திறந்தார். இஸ்திரி போட்ட வேட்டி, சட்டை. டப்பா சட்டைப் பைக்கு மாறியிருந்தது. பழைய ரௌட்டரைக் கழற்றி மேசை மேல் வைத்திருந்தார்கள். அதன் ஓட்டைகளில் பச்சையாகக் களிம்பு பூத்திருந்தது. உப்புக் காற்று தின்று செத்த பெட்டி. பக்கத்திலேயே புதுசு, வெள்ளை வெளேரென்று, உலகம் தெரியாத பிள்ளைபோல உட்கார்ந்திருந்தது. அதற்குள் செருக வேண்டிய மஞ்சள் வயர் சுவரிலிருந்து தொங்கியது. அதன் நுனியில் பென்சில் முனை மாதிரி வெள்ளையாக ஒரு ஊசி.

அவர் கை வைக்க நினைக்கவில்லை. இதுவும் ஒரு வருஷத்தில் இப்படித்தானே பூத்துப்போகும் என்று பரிதாபப்பட்டார், அவ்வளவுதான். பரிதாபப்பட்டுக்கொண்டே இருந்தவர் பார்த்தபோது டப்பா கையில் இருந்தது. வயரின் ஊசி நுனியில் ஒரு பொட்டு. பெட்டியின் ஓட்டையில் ஒரு பொட்டு. பிறகு, கிரீஸ் போட்டதைச் சும்மா விடக்கூடாதே என்று செருகியும் பார்த்தார். அழகாக, வழுக்கிக்கொண்டு போய் உட்கார்ந்தது.

பெட்டியில் சிவப்பு விளக்கு எரிந்தது. எரிந்தபடியே இருந்தது.

பாயின் மகள் தஹ்ஸீன் வந்தாள். ஆபீஸ் கணக்கும் கம்ப்யூட்டரும் அவள் பொறுப்பு. பெட்டி மாட்டியிருப்பதைப் பார்த்து யார் மாட்டியது என்று கேட்கவில்லை. மோகன் வந்து போயிருப்பான் என்று நினைத்துக்கொண்டாள். அதை அவர் திருத்தவில்லை. கம்பெனிக்குப் போன் செய்து இணைப்பைப் புதுப் பெட்டிக்கு மாற்றச் சொன்னாள். பெட்டியை அணைத்து மூச்சுவிட நேரம் கொடுத்து மறுபடி போட்டாள். கொல்லைப்புறத்து ஜன்னலுக்கு அருகே தூக்கிப் பிடித்தாள். சிவப்பு.

"லால் பத்தியே போகமாட்டேங்குது அங்கிள்," என்றாள் சிவப்பு விளக்கைக் காட்டி.

"கடல்ல கேபிள் போயிருக்கும்மா," என்றார் அடைக்கலசாமி.

இந்த ஊரில் இந்த ஒரு வாக்கியத்தைச் சொன்னால் போதும், மேற்கொண்டு யாரும் எதுவும் கேட்கமாட்டார்கள். சென்னையிலிருந்து கடலுக்கடியில் வரும் கேபிள்தான் எங்கள் எல்லாருக்கும் நெட். அது போனால் காத்திருப்போம். கப்பல் வராவிட்டால் காத்திருக்கிற மாதிரி, மழை விடாவிட்டால் காத்திருக்கிற மாதிரி. அதில் எங்களுக்கு ஒரு குறையும் இல்லை. இன்னும் சொன்னால் கொஞ்சம் ருசியும் உண்டு. தஹ்ஸீன் உடனே சமாதானமாகி டீ சொன்னாள். டீ கொண்டுவந்த அழகர்சாமி செய்தியை எடுத்துப்போனார். உச்சிவெயிலுக்குள் பஜார் முழுக்க, கேபிளை அறுத்தது ஒரு வெளிநாட்டுக் கப்பலின் நங்கூரம் என்றும், அதன் கொடி பச்சை என்றும் பேச்சாகிவிட்டது. தன் கடையில் நெட் ஓடிக்கொண்டிருந்த அழகர்சாமியே போனில் சமையல் வீடியோவைப் பார்த்தபடி, கேபிள் போனதற்கு வருத்தப்பட்டுக்கொண்டிருந்தார்.

அடைக்கலசாமி ஒருவர் மட்டும் காத்திருக்கும் நிலையில் இல்லை. அங்கே சாயங்காலம் மோதிரம் மாற்றுகிறார்கள். தட்டு மாற்ற அவருடைய அண்ணன் இருக்கிறார். தகப்பன் வராதது ஒன்றும் குறையில்லை என்று சூசைமேரி போனில் சொன்னாள். அது அவருக்குத்தான் குறை. ஒரே பிள்ளை. போன வருஷம் வந்து போனபோதும் துறைமுகத்தில் கையைக் குலுக்கிவிட்டுத்தான் கப்பலேறினான்.

மத்தியானத்துக்கு மேல் சந்திரமோகன் ஸ்கூட்டரில் வந்து இறங்கினான். கோபமாக இருந்தான். காலையிலிருந்து பாதி ஊர் அவனுக்குப் போன் செய்திருந்தது.

"கடல்ல கேபிள் போச்சுன்னு எவன் கிளப்பி விட்டது? கேபிள் பில்குல் டீக் ஹை, ஒரு கோளாறும் இல்ல," என்றான். "ஊர் பூரா நெட் ஓடுது அண்ணே. நெட் இருக்கிறவன்லாம் போன் பண்ணி, நெட் எப்ப வரும்னு கேக்குறான்."

அடைக்கலசாமி கடலின் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

மோகன் பையிலிருந்து மீட்டரை எடுத்தான். சுவர்ப் பெட்டிவரை எல்லாம் சரி. மஞ்சள் வயரின் நுனியில்தான் ஒன்றும் வரவில்லை. ஊசியை வெயிலில் பிடித்துப் பார்த்தான். கிரீஸ் ஒரு பொட்டுதானே, கண்ணுக்குத் தெரியவில்லை. நுனி உள்ளே உடைந்திருக்கும், வயரையே மாற்றவேண்டும் என்றான். கையில் இருந்த வயர் தீர்ந்துவிட்டது. புதுசு போர்ட் பிளேயரிலிருந்து வரவேண்டும். கப்பல் ஓடினால் வரும். பையைத் தோளில் மாட்டினான். போர்ட் பிளேயரிலிருந்து வருவதுதானே என்று தஹ்ஸீனும் தலையாட்டினாள். அவள் அப்போதே மறுபடி காத்திருக்கத் தொடங்கிவிட்டாள்.

வாயைத் திறக்காவிட்டால் அவருடைய மானத்துக்கு ஒரு பழுதும் இல்லை. வயர் உடைந்தது, கப்பல் ஓடவில்லை, விதி. திறந்தால், பாய் பேச்சை மீறியது, தஹ்ஸீனிடம் பொய் சொன்னது, ஊரையே முட்டாளாக்கியது, எல்லாம் ஒரே மூச்சில் வெளியே வரும். அழகர்சாமி அதை டீயோடு ஊற்றிக் கொடுப்பார். ஜெரால்டின் காதுக்கும் போகும். எதிலும் வைக்காதீர்கள் என்று அவன் சொன்னானே, அது கடல் தாண்டி இந்த ஓட்டையில் வந்து விடிந்திருக்கிறது. பொய் சொன்ன வாய்க்குப் போஜனம் கிடைக்காது என்பார்கள். அடைக்கலசாமி அன்று மத்தியானம் சாப்பிட்டிருக்கவும் இல்லை.

மோகன் ஸ்கூட்டரை உதைத்தான். ஸ்டாண்டு சத்தமில்லாமல் மேலே ஏறியது.

"மோகன், நில்லுடே," என்றார். "அதுல நான் கிரீஸ் வச்சேன்."

மோகன் வண்டியை அணைத்தான். எதில் என்று கேட்டான்.

"ஊசிலயும். ஓட்டைலயும். காலைல. துருப்பிடிக்கக் கூடாதேன்னு."

தஹ்ஸீன் தரையைப் பார்த்தாள். சிரிப்பை அடக்குகிறாள் என்பது அவளுடைய துப்பட்டா ஆடியதிலேயே தெரிந்தது. மோகன் சிரிக்கவில்லை. ஊசியைத் திரும்பவும் வெயிலில் பிடித்து நிதானமாகப் பார்த்தான்.

"அண்ணே, இதுக்குள்ள கரண்ட் போகல. வெளிச்சம் போகுது, வெறும் வெளிச்சம். இந்த துனியால எங்கயாச்சும் யாராச்சும் வெளிச்சத்துக்கு கிரீஸ் போடுவாங்களா?"

துடைக்க ஸ்பிரிட் வேண்டும் என்றான் மோகன். சர்க்கரைக்கு ஊசி போட்டுக்கொள்கிறவர் அடைக்கலசாமி. ஸ்பிரிட் தோய்த்த பஞ்சு எப்போதும் சட்டைப் பையில் இருக்கும். எடுத்துக் கொடுத்தார். மோகன் ஊசியைத் துடைத்து, ஓட்டைக்குள் பஞ்சைத் திரித்து விட்டு, சலிக்காமல் சுத்தம் செய்தான். செருகினான். சிவப்பு போய்ப் பச்சை வந்தது. அடைக்கலசாமி சிலுவை போட்டுக்கொண்டார்.

சாயங்காலம் திரையில் தூத்துக்குடி வந்தது. முதலில் ஒரு வாழை மரம், பிறகு சூசைமேரியின் கட்டைவிரல், பிறகு கூடம் நிறைய ஜனம். அங்கே பேசுவது இங்கே கேட்டது. இவர் பேசியது அங்கே கேட்கவில்லை. கம்ப்யூட்டரின் மைக் போன மழைக்காலத்தில் துருப்பிடித்துச் செத்ததைத் தஹ்ஸீன் அப்போதுதான் நினைத்துக்கொண்டாள். அந்த ஆபீசில் அவர் கிரீஸ் வைக்காமல் விட்ட ஒரே சாமான் அது.

சாமியார் ஜெபம் சொல்லி முடித்திருந்தார். ஜெரால்டு பட்டு வேட்டியில் நின்றான். மோதிரத்தை எடுத்துச் சுபிதாவின் விரலில் போட்டான். அது நடுக்கணுவில் நின்றது. தள்ளினான். திருகினான். பெண்ணின் முகம் சுருங்கியது. யாரோ சுண்டுவிரலில் போடு என்றார்கள். அபசகுனம் என்று வேறு யாரோ முணுமுணுத்தார்கள். பெண்ணின் தாய் முகம் வெளுத்துப்போனது. ஜெரால்டுக்கு வியர்த்து ஊற்றியது.

"லே, எண்ணெய் வைல," என்று அடைக்கலசாமி கத்தினார். ஹட் பே பஜாருக்குக் கேட்டது, தூத்துக்குடிக்குக் கேட்கவில்லை.

அவர் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து திரைக்கு முன்னால் நின்றார். இடது உள்ளங்கையை டப்பாபோல் குவித்து, வலது சுண்டுவிரலால் அதிலிருந்து ஒரு பொட்டு எடுத்து, மோதிர விரலின் கணுவைச் சுற்றித் தடவிக் காட்டினார். மறுபடி காட்டினார்.

வழி தெரியாமல் நிமிர்ந்த ஜெரால்டு, அம்மா தூக்கிப் பிடித்திருந்த போனின் திரையைப் பார்த்தான். அங்கே நின்றிருந்தவர்களில் அது என்ன சைகை என்று வேறு யாருக்கும் விளங்கியிருக்காது. அவன் அதைப் பிறந்ததிலிருந்து பார்க்கிறான். திரும்பி ஏதோ சொன்னான். அடுக்களையிலிருந்து ஒரு கிண்ணத்தில் தேங்காய் எண்ணெய் வந்தது. சுண்டுவிரல் நுனியால், ஒரே ஒரு பொட்டு எடுத்து, அவளுடைய கணுவைச் சுற்றித் தடவினான். மோதிரம் வழுக்கிக்கொண்டு போய் உட்கார்ந்தது.

கூடம் முழுக்கக் கைதட்டியது. அந்தச் சத்தத்தில் ஜெரால்டு, தான் செய்வது தனக்கே தெரியாமல், சுண்டுவிரலில் இருந்த மிச்ச எண்ணெயை இடுப்புக்குக் கீழே வேட்டியின் ஓரத்தில் துடைத்தான்.

"பட்டு வேட்டிலயா லே துடைக்க?" என்று சூசைமேரியின் குரல் பக்கத்திலிருந்து கேட்டது. "அப்படியே அப்பன்."

அடைக்கலசாமிக்கு அழுகை வந்துவிட்டது. கண்ணைத் துடைக்கக் கையைத் தூக்கினார். விரலில் காலையில் எடுத்த கிரீஸ் இன்னும் இருந்தது. முதலில் அதை வேட்டியில் துடைத்துக்கொண்டார்.